மஸ்கட்டில் வாடகைக் கயாக்: "தரமாட்டன்" என்று சொல்லத் தெரிந்த கடை

மஸ்கட்டில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை வாடகைக்கு விடும் இடங்களுக்குக் குறைவில்லை. பணத்தைக் கட்டினால் துடுப்பைக் கையில் கொடுத்து, "அந்தப் பாறையைத் தாண்டாதீங்க" என்று விரலால் காட்டிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விடுவார்கள். குழந்தைகளோடு வந்து கரையோரம் அரைமணி நேரம் சுற்றுகிறவர்களுக்கு அது போதும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. மஸ்கட்டை ஒட்டிய பந்தர் கைரானின் குடாக்களுக்குள் தனியாகத் துடுப்புப் போட்டுப் போகணும். பிடித்த இடத்தில் தண்ணீரில் இறங்கி ஸ்நார்க்கல் என்ற மூச்சுக் குழாயோடு பவளப்பாறை பார்க்கணும். வெயில் உச்சிக்கு வருமுன் கரை ஏறிடணும். இதற்குத் தோதான கடை எது என்று விசாரித்து, கடைசியில் கந்தப் கடற்கரையில் ஒரு சின்னக் கடை வாசலில் போய் நின்றேன். இந்த மதிப்புரை அந்தக் கடைக்கு.

பெயரை எழுதவில்லை. அங்கே வேலை பார்க்கும் தம்பி எனக்காக நேரத்துக்கு முன்னாலேயே ஷட்டரைத் தூக்கினார். முதலாளி கண்ணில் இது பட்டால் வம்பு அவருக்குத்தான். கந்தப் சின்ன மீன்பிடி ஊர். மஸ்கட்டின் ரூவிப் பகுதியிலிருந்து வாடி கபீர் தாண்டி மலையேறி இறங்கினால் அரைமணி நேரத்தில் வந்துவிடும். கரையில் நின்று கயாக் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

நான் கரூர்க்காரி. ரூவியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். நீச்சல் கற்றது எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். கூட வேலை செய்யும் மலையாளிச் சேச்சி, "ஒற்றய்க்கோ?" என்றார். அம்மா போனில், "தொணைக்கு ஒருத்தரும் இல்லாமயா கண்ணு? அப்புடி என்ன கெடக்குது அந்தக் கடல்ல?" என்றாள்.

கந்தப் தம்பி மட்டும் அதைக் கேட்கவில்லை. கயாக்கிலிருந்து விழுந்தால் திரும்ப ஏறத் தெரியுமா, நிற்காமல் எவ்வளவு தூரம் நீந்துவீர்கள், கண்ணாடி போடுகிறவரா, தண்ணீர் எத்தனை லிட்டர் எடுத்து வருகிறீர்கள், சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் யாருக்குச் சொல்லணும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறினார். மன்னார்ப் பக்கம், மீன்பிடிக் குடும்பமாம். அதற்குப் பிறகு நான் "அக்கா".

கந்தப்பிலிருந்து கடல் வழியாகவே கைரான் வரை போய்வரலாம் என்பது நான் போட்டு வைத்திருந்த திட்டம். வரைபடத்தில் சுமார் 10 கிலோமீட்டர். ஒற்றை ஆள் கயாக் அவசரமில்லாமல் போனால் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர். ஆக, ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம்.

"அதுக்கு நான் கயாக் தரமாட்டன் அக்கா. போறது பிரச்சினை இல்லை, வாறதுதான். பதினொரு மணிக்குப் பிறகு கடல்காத்து எழும்பும். பாறையில அடிச்ச அலை திரும்பி வரேக்க, வாற அலையும் போற அலையும் ஒண்டோட ஒண்டு மோதும். களைச்சுப் போனீங்களெண்டால் ஒதுங்கிறதுக்குக் கரை இல்லை."

அந்தக் கடலோரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஹஜர் மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்குகிற இடம் அது. பர் அல் ஜிஸ்ஸாவில் கொஞ்சம் மணல், இத்தியில் கொஞ்சம். மற்றபடி புல் முளைக்காத பழுப்புப் பாறைதான், பல இடங்களில் செங்குத்தாக. காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி லேசாக வீசும் காற்று, நிலம் சூடேறியதும் திசை மாறிக் கடலிலிருந்து வீசும். மரமும் ஈரமும் இல்லாத நிலம் சீக்கிரம் சூடாகிவிடுகிறது, காற்றும் சீக்கிரம் வலுத்துவிடுகிறது. முன்னறிவிப்பில் காற்றின் வேகம் 10 நாட் (knot) அளவுக்கு மேல், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் அன்றைக்குத் தனி ஆளுக்குக் கயாக் கிடையாது. இது கடையின் விதி; சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டி வைப்பதோடு விடாமல் அதன்படி நடக்கவும் செய்கிறார்கள். நான் அங்கே நின்றிருந்தபோதே, மத்தியானம் போக வேண்டும் என்று பணத்தோடு வந்த ஒருவரை நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். ஒரு வாடகைக் கடைக்கு நான் மதிப்பெண் போடுவதே இந்த இடத்தில்தான்.

மாற்று ஏற்பாட்டையும் அவரே சொன்னார். கயாக்கைப் பிக்கப்பில் ஏற்றி, இத்தி வழியாகக் கைரான் ஊர்க் கரையில் கொண்டுவந்து இறக்குவார். நான் பின்னாலேயே என் காரில் வரணும். அங்கே கடல் மலைகளுக்கு நடுவே கைகைகளாகப் பிரிந்து உள்ளே புகுந்திருக்கிறது. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு மலையின் மறைவு இருக்கும், ஒதுங்க ஒரு மணல் துண்டு இருக்கும். கயாக்குக்கு அரை நாள் வாடகை 12 ரியால், ஏற்றி இறக்க 10 ரியால். மொத்தம் 22. என் சம்பளத்தில் அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய தொகைதான். யோசித்தேன், கொடுத்தேன்.

இனி கயாக். பிளாஸ்டிக்கில் வார்த்த, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. கால் நீட்டும் இடத்தில் அடி வரை ஓட்டைகள் இருக்கும். உள்ளே வந்த தண்ணீர் அந்த வழியாகவே வடிந்துவிடும். முதல்முறை பார்க்கிறவர்கள் படகில் ஓட்டை என்று பதறுவதுண்டு. கனம் அதிகம், மணலில் தனியாக இழுக்க முடியாது. சின்னச் சக்கர வண்டி ஒன்றைச் சேர்த்தே தருகிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதுகுப் பட்டை தளர்ந்து போயிருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இடுப்பு அதைச் சொல்லும்.

பணம் வாங்குவதற்கு முன் முழங்கால் ஆழத்தைக் கொஞ்சம் தாண்டிய இடத்துக்குக் கூட்டிப்போய், "இப்ப விழுங்கோ" என்றார். விழுந்தேன். "ஏறுங்கோ." கையை ஊன்றி எம்பினால் கயாக் நம் மேலேயே கவிழும். கால்களைப் பின்னால் மிதக்க விட்டு, உதைத்து, முதலில் வயிற்றைக் குறுக்கே போட்டு, பிறகு புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுக்கணும். அவருக்குத் திருப்தியாகும் வரை விழ வைத்தார். அந்தக் கரையில் அப்போது பத்துப் பேராவது வேடிக்கை பார்த்தார்கள், சேலை கட்டிய ஒரு அம்மா உட்பட. பார்க்கட்டும். கரையில் ஆள் இல்லாத இடத்தில் இது தெரியாமல் நிற்பதற்கு இது மேல்.

அவர் கொடுத்ததில் உருப்படியான பொருள் எது என்று கேட்டால், கயாக்கைச் சொல்லமாட்டேன். மிதக்கும் கயிறு ஒன்று கொடுத்தார், ஐந்து மீட்டர் இருக்கும். ஒரு முனை கயாக்கின் மூக்கில், மறு முனை இடுப்புப் பெல்ட்டில். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கி. தனியாகப் போகிறவர் ஸ்நார்க்கல் செய்யும்போது கயாக்கை என்ன செய்வது என்பது பலரும் யோசிக்காத விஷயம். நங்கூரம் போட்டால் பவளம் நொறுங்கும். சும்மா விட்டால், லேசான காற்றிலேயே காலிக் கயாக் நாம் நீந்துவதைவிட வேகமாகப் போய்விடும். கயிற்றில் கட்டிக்கொண்டால் மாடு மேய்க்கிற மாதிரி நாம் போகும் இடமெல்லாம் அது பின்னால் வரும். களைத்தால் பிடித்துக்கொள்ளலாம். குடாவுக்குள் வரும் விசைப்படகுக்காரர்களுக்கும் மஞ்சள் கயாக் தூரத்திலிருந்தே தெரியும், நம் தலை தெரியாது.

மாஸ்க், ஸ்நார்க்கல் கடையிலும் வாடகைக்கு உண்டு. எடுக்காதீர்கள். சிலிக்கான் விறைத்துப்போய், எத்தனையோ முகங்களைப் பார்த்தவை. சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது. கடையில் வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்துப் பாருங்கள்; கையை எடுத்தும் விழாமல் ஒட்டிக்கொண்டால் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். மீசைக்காரர்களுக்கு மேல் உதட்டு வழியாகத் தண்ணீர் கசியும். மழித்துவிடச் சொன்னால் நம் ஆட்கள் கடலையே விட்டுவிடுவார்கள், அதனால் ஓரத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவிக்கொள்ளலாம். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றரை. பவர் கண்ணாடி பதித்த மாஸ்க் அரை அரைப் படியாகக் கிடைக்கிறது. தண்ணீருக்குள் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் கொஞ்சம் குறைந்த பவரே போதும். மூன்று வாங்கினேன், மீனின் செதில் வரை தெரிகிறது. முகம் முழுக்க மூடும் மாஸ்க்கை இந்தக் கடையில் விடுவதே இல்லை. உள்ளே தண்ணீர் வந்தால் வாயால் துப்ப வழியில்லை, அவசரத்தில் கழற்றவும் நேரமாகும் என்பது தம்பியின் காரணம். எனக்கும் அது சரி என்றே படுகிறது.

தொழில் புத்தி போகாது, அதனால் மருந்து விஷயம் கொஞ்சம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆவோமின் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். தூக்கம் வரும் மாத்திரை அது. பேருந்தில் போகிறவருக்குச் சரி, தனியாகத் துடுப்புப் போடுகிறவருக்கு ஆகாது. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்குகிற பழக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டுகிற உணர்வு தாமதமாக வரும். அதற்குள் நினைவு தப்பிவிடலாம். கூட ஆள் இருந்தால் தூக்கிவிடுவார். தனியாக இருந்தால் யார் தூக்குவது? அதனால் நான் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் மேலேயே மிதந்து பார்த்தேன். கைரானின் உள்குடாக்களில் பவளம் பல இடங்களில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலான ஆழத்தில்தான் இருக்கிறது, முங்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று, பிளாஸ்க்கில் வெந்நீர். திருக்கையோ கல்மீனோ குத்தினால், தோல் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைப்பதுதான் முதல் உதவி, பிறகு மருத்துவமனை. குத்தாவிட்டால் அதிலேயே டீ போட்டுக்கொள்ளலாம்.

சூரியன் மலைக்கு மேலே வருமுன் கைரான் கரையில் கயாக்கை இறக்கினோம். இடுப்பளவு உயரக் கண்டல் மரங்கள், அவற்றுக்கு நடுவே கொக்குகள், ஒரு சின்னப் பள்ளிவாசல், நாலைந்து மீன்பிடிப் படகுகள். மழை என்று வருடத்துக்கு சுமார் 100 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் இந்தப் பச்சையைப் பார்க்கவே கண்ணுக்கு இதமாக இருந்தது. முதல் குடாவைத் தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. மலைகளுக்கு நடுவே அப்படித்தான் ஆகும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார்.

தண்ணீருக்குள் மேசை மாதிரி விரிந்த பவளமும் காலிஃபிளவர் மாதிரி திரண்ட பவளமும். கிளிமீன்கள் பாறையைக் கடித்துச் சுரண்டும் சத்தம் காதில் கேட்கும். அவை கழித்துப் போடுவதுதான் அந்தக் கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு. மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஜோடி ஜோடியாகப் போயின. ஒரு கணவாய் என்னையே பார்த்தபடி பின்னால் பின்னால் நகர்ந்து, நான் அசையாமல் நின்றதும் அதுவும் நின்று, உடம்பில் வரியை ஓட விட்டுக் காட்டியது. பேராமை ஒன்று அடியில் பாசி மேய்ந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க மேலே வந்து, என் கயாக்கின் நிழலைப் பார்த்து ஒதுங்கி, மறுபடி இறங்கிவிட்டது. பாறை இடுக்குகளில் நீள முள் கொண்ட கடல் முள்ளெலிகள் ஏராளம், காலை ஊன்றவே கூடாது. குடாவுக்கு வெளியே 30 மீட்டர் ஆழத்தில் அல் முனாசிர் என்ற பழைய கடற்படைக் கப்பல் கிடக்கிறது. 2003இல் மீன்கள் குடியேறட்டும் என்று வேண்டுமென்றே மூழ்கடித்தது. அது சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களுக்கு; ஸ்நார்க்கலில் போய் எட்டிப் பார்க்க ஒன்றுமில்லை.

காலையில் மலையின் மேற்குப் பக்கத்தில்தான் நிழல். சாப்பாட்டுக்கு அந்தப் பக்கமாகப் பார்த்து ஒரு மணல் துண்டில் ஒதுங்கினேன். பொடி தடவிய இட்லி, பேரீச்சம்பழம், உப்புக் கடலை. தண்ணீர் நான்கு லிட்டர் எடுத்துப்போனதில் ஒன்றரைதான் மிஞ்சியது, அதுவும் டிசம்பரில். கோடையில் இந்தப் பக்கம் நினைத்தே பார்க்காதீர்கள். இதே கடலோரத்தில் இன்னும் கொஞ்சம் தெற்கே இருக்கும் குரையாத்தில் 2018 ஜூனில் ஒரு நாள் முழுக்க, ராத்திரி உட்பட, வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை சரியான காலம். தண்ணீர் அப்போது 23, 24 டிகிரி வரை இறங்கும், ஒரு மணி நேரத்தில் பல் கிட்டும். மெல்லிய வெட்சூட் இருந்தால் நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் சில நாட்கள் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகிவிடும். அன்றைக்கு உள்ளே ஒன்றும் தெரியாது, ஆனால் இருட்டியபின் அதே தண்ணீர் துடுப்புப் பட்ட இடமெல்லாம் ஒளிரும். வாடகைக்குக் கேட்கும்போதே, தண்ணீர் எப்படி இருக்கு என்று கேளுங்கள். தம்பி உள்ளதைச் சொல்லிவிடுகிறார்.

பத்தரைக்குக் கரை ஏறணும் என்று பேச்சு. பத்தேகாலுக்கே பிக்கப் வந்து நின்றிருந்தது. நான் வராமல் பதினொன்றாகியிருந்தால் ஊர் மீனவர் ஒருவரின் படகில் தேடி வருவது, அதிலும் காணாவிட்டால் 9999இல் போலீஸுக்கும் கடலோரக் காவலுக்கும் சொல்வது என்று நோட்டில் எழுதி, கீழே என் லைஃப் ஜாக்கெட் நிறம், தொப்பி நிறம் எல்லாம் குறித்து வைத்திருந்தார். அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டி, "திரும்பி வந்தாச்சு" என்று என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்.

குறைகள் உண்டு. பெண்கள் உடை மாற்ற இடம் கிடையாது, காருக்குள் துணியைத் தொங்கவிட்டு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கழிவறை கடற்கரைப் பொதுக் கழிவறை; அதைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை. லைஃப் ஜாக்கெட் எல்லாம் ஆண்கள் அளவு, பட்டையைக் கடைசி வரை இழுத்தும் எனக்குத் தண்ணீரில் காது வரை ஏறி வந்தது. இரண்டு அளவு பெண்களுக்காக வாங்கி வைத்தால் என்ன செலவாகிவிடும்? வாட்டர்ப்ரூஃப் பை என்று கொடுத்ததில் மடிப்பு ஓரம் விரிந்திருந்தது. கார் சாவியை இரட்டை ஜிப் கவரில் போட்டிருந்ததால் பிழைத்தது. கார்டு வாங்கமாட்டார்கள், ரொக்கம்தான். தம்பி இல்லாத நாளில் கடையில் இருப்பவர் இதே அளவு கேள்வி கேட்பாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை. போன் செய்து, நோட்டில் எழுதுகிற ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வெள்ளி, சனி வேண்டாம். விடுமுறை என்று மஸ்கட்டின் படகுகளும் ஜெட் ஸ்கீகளும் குடாவுக்குள் புகுந்துவிடுகின்றன. அவற்றின் அலையில் கயாக் ஆடுவதுகூடப் பரவாயில்லை, தண்ணீருக்குள் தலையை வைத்திருக்கும்போது அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. வாரநாளில் ஒரு விடுப்பு எடுத்துப் போங்கள்.

கிளம்பும்போது தைமானியாத் தீவுகளுக்குக் கயாக்கில் போகலாமா என்று கேட்டுவைத்தேன். அழுங்காமைகள் முட்டையிடும் காப்பகம் அது, 1996இலிருந்து. பர்கா, சீப் கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் திறந்த கடல். தம்பி என் கையெழுத்துப் போட்ட பக்கத்தை மூடிக்கொண்டே சொன்னார்: "மே மாசம் தொடங்கி ஒக்டோபர் முடியும்வரை தீவுல இறங்கவே விடமாட்டாங்கள். மற்ற நாளில அனுமதிச் சீட்டு எடுத்து டூர் படகில போங்கோ அக்கா. கயாக்குக்கு வேற கடை பாருங்கோ."